தகரக் கூரையில் காய்ந்த சோறு

காலி எண்ணெய் டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றேன். கீழே என் வீட்டுக்காரர் செல்வராஜ் இரண்டு கையாலும் டிரம்மைப் பிடித்துக்கொண்டு புலம்பினார்.

"மங்கை, இறங்கு. விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டேன்னா நாளைக்கு கேன்டீன யாரு பாக்கிறது?"

கேன்டீனைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. இடுப்பு என்னுடையதுதானே!

எதிரே முகாமின் குளியலறைக் கொட்டகை. அதன் தகரக் கூரையில் நீலத் தார்ப்பாய் விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்திருந்தார்கள். தார்ப்பாய் முழுக்க வெள்ளையாக ஏதோ பரப்பியிருந்தது. சுண்ணாம்புத் தூள் என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டி ஒரு பிடி அள்ளினேன். வெயிலில் சுட்டது. மொறமொறவென்று இருந்தது. வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தேன்.

சோறு. நான் வடித்த சோறு!

அன்று காலையில்தான் முகாமுக்கு வரும் நர்ஸம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்த ரஹீமாவுக்குப் பால் வத்திக்கிட்டே வருது. மடியில கைக்குழந்தை. அவ சாப்பிடலைன்னா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. நீங்க வயித்துக்குச் சோறு போடுறீங்களா இல்லையா அக்கா?"

என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! அண்டா அண்டாவாகப் போடுகிறேன். போட்டதெல்லாம் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் இந்த வயதில் டிரம் ஏறினேன்.

திரும்பி வந்த வாளி

போன வாரம் எங்கள் கேன்டீன் பிறந்த கதையைப் படித்தவர்களுக்கு எங்களைத் தெரியும். இந்த வாரம்தான் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுக ஜெட்டி பக்கத்தில் கப்பல் ஆட்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் மத்தியானச் சாப்பாடு போட்டுப் பிழைக்கும் குடும்பம் நாங்கள். ஊர் போர்ட் பிளேர். ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை.

மழை விட்டு, கடல் தட்டையாகக் கிடக்கும் மாதம் அது. பர்மாவின் மேற்குக் கரையில் சண்டை, அதைத் தொடர்ந்து பசி. அங்கிருந்து தப்பி வந்த ஒரு படகு, எஞ்சின் நின்றுபோய், எங்கள் தீவுகளுக்கு வெளியே அலைந்துகொண்டிருந்தது. காவல் கப்பல் ஒன்று அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. வந்தவர்களைப் பூட்டிக் கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டுத் தங்கவைத்தார்கள். அவர்களுக்குச் சமைத்துப்போடும் வேலை எங்களுக்கு வந்தது.

முதல் சில நாட்கள் டாக்டரம்மா சொன்னபடி கஞ்சி. பிறகு முழுச் சாப்பாடு போடலாம் என்றார்கள். பட்டினி கிடந்த ஜனம், நம் கையால் நன்றாகச் சாப்பிடட்டும் என்று சாம்பார் வைத்தேன். என் சாம்பாருக்கு ஜெட்டியில் ஒரு பெயர் உண்டு. கப்பல் கேப்டன்கள் தூக்குச்சட்டி கொடுத்து அனுப்புவார்கள்.

சாம்பார் வாளி போன மாதிரியே திரும்பி வந்தது. சோற்று அண்டா மட்டும் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

சரி, புளி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் வெறும் பருப்பு வைத்தேன். பருப்பு திரும்பியது, சோறு காலி. சௌல்தாரி கிராமத்திலிருந்து வரும் நல்ல பூசணிக்காயில் கூட்டு வைத்தேன். கூட்டு திரும்பியது, சோறு காலி. எங்கள் சமையல்கட்டில் ஷெஃபாலி என்று ஒரு வங்காளிப் பெண்மணி பல வருஷமாக இருக்கிறாள். தமிழும் தீவு இந்தியும் கலந்து ஒரு பாஷை பேசுவாள். அவளை விட்டுக் கடுகு அரைத்து மீன் குழம்பு வைக்கச் சொன்னேன். மீன் துண்டு போனது. குழம்பு நின்றது. அப்போதும் சோறு காலி. போதாததற்கு, "இன்னும் கொஞ்சம் சோறு, மேலே எதுவும் ஊற்ற வேண்டாம்" என்று கை ஜாடையில் கேட்டார்கள்.

"உன் சாம்பார் பேரைக் கேட்டாலே இனிமே இந்தப் பக்கம் ஒரு படகும் வராது" என்றார் செல்வராஜ். நான் கரண்டியைத் தூக்கினேன். அவர் வெளியே போய்விட்டார்.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் இதே யோசனை. வெறும் சோற்றை யாராவது இவ்வளவு தின்பார்களா? தின்றால் ஏன் உடம்பில் ஒட்டவில்லை? ரஹீமா பந்தியின் கடைசியில், பாதாம் மரத்தடியில், குழந்தையைத் துண்டில் கட்டி மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவளுடைய தோள் எலும்பு நாளுக்கு நாள் துருத்திக்கொண்டு வந்தது. தட்டு மட்டும் எப்போதும் காலியாக இருந்தது.

கம்பளிச் சட்டை

இப்படி எதையாவது துருவித் துருவிப் பார்க்கிற குணம் எனக்குக் கேம்பல் பே என்ற ஊரில் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். அப்பா பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் சர்க்கார் கொடுத்த நிலத்தை நம்பிக் குடும்பத்தோடு அங்கே குடியேறினார். தெற்கே அதற்கு மேல் ஊர் கிடையாது. தென்னை போட்டோம், பாக்கு போட்டோம், நன்றாகத்தான் இருந்தோம். ஒரு நாள் காலையில் கடல் எழுந்து ஊருக்குள் வந்தது. சுனாமி என்ற சொல்லையே நாங்கள் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

மேட்டில் ஒரு முகாமில் இருந்தோம். கொஞ்ச நாளில் மெயின்லேண்டிலிருந்து பெட்டி பெட்டியாக உதவி வந்தது. ஆசையாகப் பிரித்தோம். கம்பளிச் சட்டை! கூடவே காது மூடும் குல்லா! நிற்கிற இடத்தில் வேர்வை சொட்டும் ஊர் அது. என் தம்பி ஒரு குல்லாவை மாட்டிக்கொண்டு முகாமைச் சுற்றி ஓடினான். அத்தனை அழுகைக்கு நடுவில் நாங்கள் முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான். அனுப்பியவர்கள் நல்லவர்கள்தான். எங்கோ ஒரு குளிர்ப் பிரதேசத்தில் யாரோ தங்கள் அலமாரியைத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். அம்மா ஒரு சட்டையை இரண்டாகக் கிழித்து, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணியாக்கிக்கொண்டாள்.

உண்மையில் எங்களுக்கு என்ன வேண்டியிருந்தது தெரியுமா? அரிவாள். காலடியில் எங்கே பார்த்தாலும் தேங்காய் விழுந்து கிடந்தது. உரிக்கவும் வெட்டவும் முகாமில் ஒரு அரிவாள் கிடையாது. எல்லாம் கடலோடு போய்விட்டது. கடைசியில் ஒரு அதிகாரி வந்து, "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். எங்களிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"நல்ல அரிவாளா ஒண்ணு குடுங்க சார்" என்றாள் அம்மா.

மனுஷர் இரண்டு அடி பின்னால் போனார். யாரை வெட்டப் போகிறாளோ என்று பயந்திருப்பார்.

கேட்காமல் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் அன்றிலிருந்து எனக்கு எரிச்சல் வரும். சாம்பார் வாளியோடு முகாம் வாசலில் நின்றபோது நான் செய்ததும் அதுவேதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. டிரம் மேல் நின்று காய்ந்த சோற்றைக் கடித்தபோது உறைத்தது.

யாருக்கு?

டிரம்மிலிருந்து இறங்கித் திரும்பினேன். ரஹீமா நின்றுகொண்டிருந்தாள். குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு அவள் முகம் வெளுத்தது. வேகவேகமாக என்னவோ சொன்னாள்.

நான் ஷெஃபாலியைக் கூப்பிட்டேன். அவளுடைய அப்பா கிழக்கு வங்காளத்திலிருந்து அந்தக் காலத்தில் இங்கே குடியேறியவர். "இவங்க பேச்சு எங்க அப்பா ஊர்ப் பக்கத்துப் பேச்சு மாதிரி, ஆதா புரியும், ஆதா புரியாது" என்பாள். அந்தப் பாதியை வைத்துத்தான் முகாமே ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன சொல்றா?"

"மழைக் காலத்துக்குச் சேத்து வெக்கிறாளாம். ஜூட், அக்கா. பொய் சொல்றா."

"ஏன் சாப்பிடாம இப்படிச் செய்றேன்னு கேளு."

ஷெஃபாலி கேட்டாள். ரஹீமா தரையைப் பார்த்தாள். மறுபடி கேட்கச் சொன்னேன். அவள் தலையே நிமிரவில்லை. 'ஏன்' என்று கேட்டால் போலீஸ் கேட்பதுபோல்தான் இருக்கும், என்ன செய்வது?

என் கையில் மிச்சம் ஒரு பிடி சோறு இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி டிரம் ஏறி, எடுத்த இடத்திலேயே போட்டு, கட்டி தட்டாமல் விரலால் பரத்திவிட்டேன். வடகம் காயவைக்கும்போது செய்கிற பழக்கம். "காக்கா கொத்துமே, ஒரு கறுப்புத் துணியக் குச்சியில கட்டி வையேன்" என்று என் பாட்டுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இறங்கினேன். ஷெஃபாலி அதையும் மெனக்கெட்டு அவளிடம் சொல்லிவிட்டாள்.

ரஹீமா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறவள் காக்காய்க்கு யோசனை சொல்கிறாளே என்று ஆச்சரியம் போலிருக்கிறது.

"யாருக்கும்மா இது?" என்றேன்.

அவள் ஒரு கையை இடுப்புக்குக் கீழே நீட்டி ஒரு உயரம் காட்டினாள். பிறகு பேசினாள். ஷெஃபாலி அதை எனக்குச் சொல்லாமல் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னன்னு சொல்லித் தொலையேன்!"

"அவளுக்கு ரெண்டு பொண்ணு, அக்கா. பெரியவ நூரி. அவ இன்னொரு படகுல இருக்கா."

"இன்னொரு படகா? முழுசாக் கேளு" என்றேன்.

இரண்டு படகுகள் ஒன்றாகக் கிளம்பியிருக்கின்றன. ரஹீமாவும் அவள் தங்கையும் கரையில் நின்று பேசி முடிவு செய்திருக்கிறார்கள்: எல்லோரும் ஒரே படகில் ஏறினால் எல்லோரும் ஒரேயடியாகப் போய்விடக்கூடும், ஆளுக்கொரு படகில் ஏறுவோம், ஆளுக்கொரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பால் குடிக்கும் குழந்தை தாயோடு. நூரி சித்தியோடு. வழியில் காற்று அடித்து இரண்டு படகும் பிரிந்துவிட்டன. முகாமில் இருந்த எல்லோருக்குமே அந்தப் படகில் யாராவது ஒருவர் இருந்தார்கள். தங்களைக் கொண்டுவந்த நீரோட்டம் அவர்களையும் இதே கரைக்குக் கொண்டுவரும் என்று நம்பினார்கள். அவர்கள் பங்குச் சோற்றைக் கழுவிப் பிழிந்து, கூரையில் காயவைத்து, மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பாதியாவது சாப்பிட்டார்கள். ரஹீமா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

"வந்த அன்னிக்கே காவல் கப்பல்காரங்க கேட்டாங்களே, வேற படகு இருக்கான்னு? எல்லாரும் இல்லேன்னுதானே தலைய ஆட்டினாங்க?" என்றேன்.

ரஹீமா இதற்கு மெதுவாகப் பதில் சொன்னாள். ஷெஃபாலியும் மெதுவாகச் சொன்னாள். அவள் ஊரில் சட்டை போட்டவர்கள், அதாவது சீருடைக்காரர்கள், வீட்டு வாசலில் நின்று கேட்பார்களாம், உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று. இருக்கிறார்கள் என்று சொன்ன வீட்டில் உள்ளே இருந்தவர்கள் மிஞ்சவில்லை. இல்லை என்று சொன்ன வீட்டில் சிலர் மிஞ்சினார்கள். ரஹீமாவின் வீட்டில் அவள் அப்பா 'இருக்கிறார்கள்' என்று சொன்னவர்.

செல்வராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டிரம்மைப் பிடித்தபடியே நின்றார்.

சட்டை மாற்றி வந்தவர்

யாரிடமும் சொல்லாதே என்று ரஹீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிள்ளை பெற்றவள். அவள் சொல்வதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டால் அந்தப் பிள்ளை கடலிலேயே கிடக்கும். மீறிச் சொன்னால் இவள் இனி யாரையும் நம்பமாட்டாள். அவளே சொல்லவேண்டும்.

"நீ சொல்லலேன்னா அவங்களை யாரும் தேடப் போறதில்ல. நீ காயவெச்ச சோறு தானா நடந்து கடலுக்குப் போகுமா?" என்றேன்.

"சட்டைக்காரர்கள் அடிப்பார்களா?" என்று ஷெஃபாலி மூலம் கேட்டாள் ரஹீமா.

"உங்க படகக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்களே, அடிச்சாங்களா?"

யோசித்தாள். "இல்லை. தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர் குழந்தைக்குத் தொப்பியை வைத்து நிழல் பிடித்தார்."

"அதே கப்பல்தான் போகும்."

துண்டை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். கடைசியில், சொல்கிறேன், ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்தால் எனக்கு வாய் வராது என்றாள்.

அப்போதுதான் செல்வராஜ் வாயைத் திறந்தார். "சட்டைதானே பிரச்சனை? கழட்டி வெச்சிட்டு வரச் சொல்லுவோம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன யோசனைகளில் உருப்படியானது இது ஒன்றுதான் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கப்பலில் கடலூர்க்கார இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். கரையில் இருக்கும் நாளெல்லாம் மத்தியானம் எங்கள் கேன்டீனில்தான் சாப்பாடு. செல்வராஜ் போய் விஷயத்தைச் சொல்லவும், டீ சட்டையும் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்து நின்றார். அவர் யார் என்று ரஹீமாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். படகின் நிறம் என்ன, எங்கே பிரிந்தீர்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது, சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

ரஹீமா பேச ஆரம்பித்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை நாள் ஊமையாக இருந்த முகாம் ஒரே நேரத்தில் பேசியது. ஷெஃபாலிக்கு மூச்சு வாங்கியது. "ஏக் ஏக் கர்கே! ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க!" என்று கத்தினாள். அதிகாரி கையில் இருந்த டீயைக் குடிக்காமலே எழுந்து ஓடினார்.

கப்பல் கிளம்பும்போது ரஹீமாவை ஜெட்டிக்கு அழைத்துப்போக அனுமதி வாங்கினேன். அவள் காய்ந்த சோற்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அதே கடலூர்க்காரர், இப்போது முழுச் சீருடையில்.

"அக்கா, கப்பல்ல டாக்டர், சாப்பாடு, எல்லாம் இருக்கு" என்று என்னிடம் ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் மூட்டையை வாங்கிக்கொண்டார்.

கப்பலுக்குக் காத்திருப்பது தீவுக்காரர்களுக்குப் புதிதல்ல. மெயின்லேண்ட் கப்பல் தாமதமானால் வெங்காயம் காணாமல் போகும், அப்புறம் தக்காளி, நாங்கள் பாட்டுக்குத் தேங்காயைப் போட்டுச் சமாளிப்போம். இந்தக் காத்திருப்பு அப்படி இல்லை. சாம்பாரில் உப்பை இரண்டு தரம் போட்டேன். கேன்டீனில் யாரும் குறை சொல்லவில்லை, விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரஹீமா நர்ஸம்மாவின் அதட்டலுக்கு இரண்டு வாய் கூடுதலாக விழுங்கினாள், அவ்வளவுதான். அவளைப் பார்க்கும்போதெல்லாம், படகு கிடைக்காவிட்டால் இவளிடம் யார் சொல்வது என்று நினைத்துக்கொள்வேன். யார் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

இவர்களெல்லாம் பிறகு எங்கே போனார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்பீர்கள். பெரிய ஆபீஸ்களில் முடிவாகும் விஷயம் அது. எனக்கு அரைகுறையாகத் தெரிந்ததை எழுதி வம்பை விலைக்கு வாங்க மனம் இல்லை.

மத்தியானம்

படகு கிடைத்தது. எங்கள் தீவுகளைத் தாண்டித் தெற்கே வெகுதூரம் போயிருந்தது. ஜெட்டியிலிருந்து செல்வராஜ் போனில் சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். எல்லோரும் உயிரோடு இல்லை. சிலரை முன்பே கடலுக்குக் கொடுத்திருந்தார்கள். முகாமில் அன்று சிலர் அழுதார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், தங்களுக்கு நல்ல செய்தி வந்தும், சிரிக்கக் கூசினார்கள்.

தங்கை இருந்தாள். நூரி இருந்தாள், உட்காரத் தெம்பில்லாமல். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரஹீமாவை அங்கே அனுப்ப ஏதோ அனுமதி வரவேண்டுமாம். அது வந்து சேர்வதற்குள் நூரிக்கே தெம்பு வந்து, ஒரு மத்தியானம் சித்தியோடு வேனில் முகாமுக்கு வந்துவிட்டாள்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று நான் கண்ணைத் துடைக்கத் தயாராக முந்தானையைக் கையில் பிடித்திருந்தேன். ரஹீமா ஓடவில்லை. மெதுவாகப் போய்ப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். பிறகு முழங்கால், கை, காது, தலை. நூரி சித்தியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அம்மாவிடம் வரமாட்டேன் என்றாள். தன்னை வேறு படகில் ஏற்றிவிட்ட கோபம் அவளுக்கு.

பந்தி வைத்தோம். நூரி சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, மீனைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயையும் ரஹீமா பார்த்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று பிள்ளை தட்டைத் தள்ளியது. தட்டில் கொஞ்சம் சோறு மிச்சம் இருந்தது.

ரஹீமா குழந்தையைத் தரையில் துண்டு விரித்துக் கிடத்தினாள். ஒரு தட்டை எடுத்து என் பக்கம் நீட்டினாள். அவளாக நீட்டியது அதுதான் முதல் தடவை. சோறு போட்டேன். நிறுத்தச் சொல்லவில்லை. சாம்பார் ஊற்றினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். யாரையும் பார்க்கவில்லை. நூரியைக்கூடப் பார்க்கவில்லை. பெரிய பெரிய கவளமாக, வாய் நிறைய, கன்னம் உப்ப. தட்டு காலியானதும் மறுபடி நீட்டினாள். மறுபடி போட்டேன்.

துண்டில் கிடந்த குழந்தை சிணுங்கியது. பிறகு வீறிட்டு அழுதது. ரஹீமா திரும்பவில்லை. தங்கை எழுந்திருக்கப் பார்த்தாள், அவளுக்குக் கால் நிற்கவில்லை. நான் கரண்டியை ஷெஃபாலியிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டேன். அது என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இன்னும் உரக்கக் கத்தியது.

"புள்ள பசியில கத்துது மங்கை, அவகிட்ட குடு" என்றார் செல்வராஜ்.

"கத்தட்டும்" என்றேன். "அவ சாப்பிட்டு முடிக்கட்டும்."